தார் என்னும் ஈறு

தார்கூன் என்றொரு நாடு. நிலப்படத்தில் தேட வேண்டா. கீத் பேக்கர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் படைத்த எபரான் என்ற கற்பனையுலகில், கோர்வேர் என்ற கண்டத்தின் தென்பால் அது இருக்கிறது. 2002-இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் புத்துலகம் ஒன்று வேண்டும் என்று அறிவித்தபோது வந்து குவிந்த ஏறத்தாழ 11,000 வரைவுகளுள் தேர்ந்தெடுக்கப்பட்டது எபரான், 2004-இல் நூலாயிற்று. அந்நூலைப் புரட்டுவோர் பெரும்பாலும் போர்முறையையும் மந்திரத்தையும் தேடிப் போவார்கள். சொல்லில் பித்துக் கொண்ட நம்மைப் போன்றோர் பெயர்களில் இடறி அங்கேயே உட்கார்ந்துவிடுவோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோப்ளின், ஹாப்கோப்ளின், பக்பேர் என்று மூன்று இனம். தாக்கான் என்ற பேரரசை ஆண்டு இழந்து, பிறகு குலம் குலமாகச் சிதறி, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு கிடந்தவர்கள். மாந்தர் நாடுகள் ஐந்தும் ஒன்றோடொன்று மோதிய பெரும்போரில் சையர் என்ற நாட்டுக்காகக் கூலிப்படையாகச் சண்டையிட்டார்கள். அந்த உலகத்து ஆண்டுக்கணக்கில் 969-இல், ஹரூக் என்ற ஹாப்கோப்ளின் தலைவன் கூலி கொடுத்த கையையே திருப்பி வெட்டினான். குலங்களை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து, சையரின் தென்னிலத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தார்கூன் என்று பெயரிட்டான். 996-இல் போரை முடித்த உடன்படிக்கை அந்தப் பெயரைத் தனிநாட்டின் பெயராக ஏற்றது.

ஆங்கில எழுத்தில் இப்பெயர் டகர ஒலியில் தொடங்குகிறது. டகரம் நமக்கு மொழிமுதல் வாராது; ஆகவே தகரமாக்கித் தார்கூன் என்கிறேன். ஆங்கிலத்தார் இந்தக் கோப்ளின் மொழிச் சொற்களின் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்து எழுத வேண்டியிருக்கிறது. தார்கூன், ஹரூக், தாக்கான் எல்லாவற்றிலும் இரட்டை உயிர்தான். நமக்கோ ஒரு சுழியும் ஒரு காலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. நம் நெட்டெழுத்தில் இச்சொற்கள் பிறந்த வீட்டில் உட்கார்ந்தாற்போல உட்காருகின்றன என்று எனக்குத் தோன்றுவதில் கொஞ்சம் தற்பெருமை உண்டு; பொறுத்துக்கொள்க.

ஆனால் அதே நெருக்கம் ஏமாற்றவும் செய்யும். தார் என்றதும் நம் காதுக்கு வேந்தர் மார்பில் கிடக்கும் மாலை நினைவுக்கு வரும். தாசில்தார், சுபேதார், ஜமீன்தார் என்று பாரசீகத்திலிருந்து வந்த ‘உடையவர்’ என்னும் ஈறும் வரும். கூன் என்றால் வளைவு. இவற்றையெல்லாம் ஒட்டவைத்து மாலை வளைந்த நாடு என்றோ முதுகு வளைந்தோர் நாடு என்றோ பொருள் சொல்லப் புகுந்தால், ஒலி ஒத்தால் உறவு என்று அடித்துச் சொல்லும் திண்ணைச் சொல்லாராய்ச்சியில் போய் முடியும். கோப்ளின் மொழியில் தார் என்றால் மக்கள். தார்கூன் என்றால் மக்களின் நிலம். அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’க்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க, முதலில் பிறர் அவர்களுக்கு இட்ட பெயர்களை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும்.

கோப்ளின் என்பதன் பழந்தடம் பிரான்சின் வடக்கே, நார்மண்டியில் கிடைக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆர்டரிக் வைட்டலிஸ் என்ற துறவி இலத்தீனில் திருச்சபை வரலாறு எழுதினார். எவ்ரூ என்னும் ஊரில் டயானா தெய்வத்தின் கோயிலிலிருந்து தூய டவ்ரின் விரட்டிய பேய் ஒன்று இன்னும் அவ்வூரிலேயே உலவுகிறது, பல உருக்கொண்டு தோன்றினாலும் யாருக்கும் ஊறு செய்வதில்லை, பாமர மக்கள் அதை ‘கொபெலினுஸ்’ என்று அழைக்கிறார்கள் என்று அவர் குறித்து வைத்தார். கவனியுங்கள்: கற்றவர் இட்ட பெயரன்று அது, தெருவில் புழங்கிய பெயர். ஒரு படையின் பெயருமன்று, ஓர் இனத்தின் பெயருமன்று. ஓர் ஊரில் குடியிருந்த, கோயிலை இழந்த, ஒரேயொரு பேயின் இயற்பெயர். இயற்பெயர் பொதுப்பெயராகிப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தபோது கோப்ளின் ஆனது.

அதற்கு முன்னால் என்ன என்பதில் அறிஞர் பலவாறாகப் பிரிகின்றனர். கிரேக்கத்தில் கோபாலோஸ் என்றால் எத்தன், போக்கிரி. டயோனிசஸ் தெய்வத்தைச் சுற்றிக் குறும்பு செய்யும் சிறுதெய்வங்களுக்கும் அப்பெயர் உண்டு. அதன் வழி வந்தது என்பர் ஒரு சாரார். செருமானியரின் கோபோல்ட் என்னும் வீட்டுப்பேயோடு உறவு காட்டுவர் இன்னொரு சாரார். கோபெல் என்ற ஆள்பெயரின் செல்லவடிவம் என்பாரும் உளர். எனக்கு மூன்றாவதன்மேல் ஒரு சாய்வு உண்டு, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பாரிசில் பியேவ்ர் ஆற்றங்கரையில் சாயத்தொழில் செய்து புகழ்பெற்ற குடும்பத்தின் பெயரே கோபெலென். அவர்கள் பட்டறை இருந்த இடத்தை 1662-இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் அரசுக்காக எடுத்துக்கொள்ள, அங்கு நெய்த சித்திரத் திரைச்சீலைகள் ஐரோப்பிய அரண்மனைகளை அலங்கரித்தன. பேயின் பெயரும் பட்டுத்திரையின் பெயரும் ஒரே ஒலியில் நிற்பதைப் பிரெஞ்சுக்காரர் எப்படிச் சிரிக்காமல் சொல்கிறார்களோ!

கோபோல்ட் என்பதும் சும்மா கிடந்த சொல்லன்று. செருமானியச் சுரங்கத் தொழிலாளர் வெள்ளிக் கனிமம் என்று நம்பி வெட்டிய கல், உலையில் இட்டால் வெள்ளி தராமல் நச்சுப்புகை கக்கிற்று. வெள்ளியைக் கோபோல்ட் திருடிக்கொண்டு இந்தப் பாழ்கல்லை வைத்துவிட்டான் என்று அவர்கள் வைதார்கள். 1735 வாக்கில் ஸ்வீடன் வேதியியலார் கேயார்க் பிராண்ட் அந்தக் கல்லுக்குள் புதிய உலோகம் இருப்பதைக் காட்டியபோது வசைச்சொல்லே தனிமத்தின் பெயராகி நிலைத்தது. தனிம அட்டவணையில் 27-ஆம் இடத்தில் இருக்கும் கோபால்ட் அதுதான். பக்கத்து வீடு, 28-ஆம் இடம், நிக்கல். அதுவும் செம்பு தருவதுபோல் காட்டி ஏய்த்த கல்லுக்குள் இருப்பதாக நம்பிய ஒரு குட்டிப்பேயின் பெயர்தான், அந்தப் பேயின் பெயரோ நிக்கோலஸ் என்பதன் மரூஉ. தெரிந்த ஆளின் பெயரைச் சுருக்கிப் பேய்க்கு இடுவது வடஐரோப்பியர் வழக்கு. அஞ்சத்தக்கதை அடுத்த வீட்டுப் பையனைப்போல அழைத்துவிட்டால் அச்சம் பாதி குறையும் போலும். நான் முன்சொன்ன சாய்வுக்குக் காரணம் இதுவே.

ஹாப்கோப்ளினில் இந்த வழக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ராபர்ட் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ராப் ஆகும், ராபின் ஆகும், முதலெழுத்து மட்டும் திரிந்து ஹாப் ஆகும். ரிச்சர்ட் என்பது ரிக் ஆகிப் பின் டிக், ஹிக் என்றும், ரோஜர் என்பது ஹாட்ஜ் என்றும் ஆவது போல இது. நம் இலக்கணத்தார் முதற்போலி என்று ஒருவேளை சொல்லியிருப்பார்கள். ஆக, ஹாப்கோப்ளின் என்றால் ராபர்ட்டுப் பேய். அன்போடு சொன்னால் ராசுக்குட்டிப் பேய். அடுப்படியில் இரவில் வந்து வீட்டு வேலை செய்துவிட்டுப் போகும், பால் வைக்க மறந்தால் தயிரைக் கெடுக்கும், அவ்வளவுதான் அதன் கொடுமை. ஷேக்ஸ்பியர் தம் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில் பக் என்ற குறும்பனுக்கு இந்தப் பெயரையும் சேர்த்தே வழங்குகிறார்.

இதே ஹாப்பிலிருந்து ஆங்கிலக் குடும்பப்பெயர்களும் கிளைத்தன: ஹாப்சன், ஹாப்கின்ஸ், ஹாப்ஸ். ஹாப்ஸ் என்றதும் நிமிர்ந்து உட்காருங்கள். 1651-இல் லெவியாதன் எழுதிய தாமஸ் ஹாப்ஸ்தான். மேலாள் ஒருவன் இல்லாத இடத்தில் எல்லாரும் எல்லாரோடும் போரிடுவர், அந்தப் போரை ஒழிக்க அனைவரும் தம் உரிமையை ஒரே ஆட்சியாளனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வாதிட்டவர். ஹாப்கோப்ளின் ஒருவன் சண்டையிடும் குலங்களை ஒரே கோலின்கீழ்ச் சேர்த்த கதைக்கும் இவருக்கும் பெயரடி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் சொல்லை நேசிப்பவனுக்கு இத்தகைய தற்செயல்கள் கைச்செலவுக் காசு மாதிரி, விட மனம் வருவதில்லை.

மூன்றாவது பெயர் பக்பேர். இதில் பேர் என்பது கரடி. பக் என்பது அச்சுறுத்தும் உரு. இன்றைய ஆங்கிலத்தில் பூச்சியைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே ஒலி என்பதால் இப்போதைய ஆங்கிலேயரே குழம்புகிறார்கள். 1535-இல் மைல்ஸ் கவர்டேல் விவிலியத்தை முழுமையாக ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, 91-ஆம் சங்கீதத்தில் இரவின் அச்சங்களைச் சொல்லுமிடத்தில் இந்தச் சொல்லையே இட்டார்; பிற்காலத்தவர் அதைப் ‘பூச்சி விவிலியம்’ என்று கேலி செய்தனர். தூங்காத குழந்தையைத் தின்ன வரும் கரடியுருப் பேயாக இருந்த பக்பேர், தேய்ந்து தேய்ந்து, இன்று ஆங்கில நாளிதழ்களில் ‘ஓயாத எரிச்சல்’ என்ற பொருளில் மட்டும் உயிர்வாழ்கிறது. வரிசையில் முந்திக்கொள்பவர், வாக்கியத்தில் காற்புள்ளி விடுபவர் எல்லாரும் யாரோ ஒருவருக்குப் பக்பேர்.

இப்படி அடுப்படியிலும் கட்டிலடியிலும் கிடந்த மூவரும் படைவீரர் ஆனது எப்போது? டோல்கியன் 1937-இல் வெளியிட்ட ஹாபிட் கதையில் கோப்ளின்கள் மலைக்குள் வாழும் போர்க்கூட்டம். ஹாப்கோப்ளின் அவற்றில் பெரியவகை என்று அவர் கருதினார். உண்மையில் நாட்டார் வழக்கில் ஹாப் சேர்ந்தவையே சிறியவை, இணக்கமானவை. மொழிநூல் பேராசிரியரான அவரே பின்னாளில் கடிதமொன்றில் அது தலைகீழ் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது ஹாப்கோப்ளின் பெரியதாகவே நின்றது. அந்தப் பெருமைதான் ஹரூக்கின் தோளகலம்.

மூவரையும் சேர்த்துச் சொல்ல விளையாட்டுக்காரருக்கு ஒரு தொகைப்பெயர் வேண்டியிருந்தது. கோப்ளினாய்ட் என்றார்கள். அந்த ஆய்ட் என்னும் ஈறு கிரேக்கத்தில் உருவைக் குறிக்கும் எய்டோஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘போன்றது’ என்று பொருள். விண்மீன் போன்றது ஆஸ்டராய்ட். கோப்ளின் போன்றது கோப்ளினாய்ட். அதாவது இவர்களை ஓரினமாகக் கட்டிய கயிறு, வெளியே நின்று பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்த ஒப்புமை. இன்னார் என்று சொல்லாமல் இன்னார் மாதிரி என்று சொல்லும் பெயர். தன்னைத் தானே எவரும் இப்படி அழைத்துக்கொள்ள மாட்டார்.

தமிழில் கோப்ளினுக்கு நிகர் தேடுவோர் குட்டிச்சாத்தான் என்பர், பூதம் என்பர். என் வாக்கு குறளிக்குத்தான். குறள் என்றால் குட்டை, இரண்டடி வெண்பாவுக்கும் அதே பெயர், குறளன் குள்ளன், குறளி, குறும்பு செய்யும் குட்டிப்பேய், கண்கட்டு வித்தை குறளிவித்தை. இதே ‘குறு’ அடியில் நிற்கும் குறும்பு என்ற சொல்லைத்தான் நான் மேலே பலமுறை விளையாட்டுத்தனம் என்ற இன்றைய பொருளில் எழுதிவந்திருக்கிறேன். வள்ளுவரிடம் அது வேறு. நாடு என்னும் அதிகாரத்தில், அரசனை அலைக்கழிக்கும் குறுநிலத் தலைவர்களைக் குறிக்க அவர் குறும்பு என்கிறார். அரணுக்கும் அப்பெயர் உண்டு. பேயும், அதன் சேட்டையும், அடங்காத குலத்தலைவனும், அவன் ஒளியும் கோட்டையும் ஆகிய நான்கையும் ஒரே அடியிலிருந்து எடுத்துத் தரும் மொழிக்கு, தார்கூனின் கதையை மொழிபெயர்க்க அயலாரிடம் கைநீட்டத் தேவையில்லை.

இனி உள்ளே போவோம். அம்மக்கள் தம்மைத் தார் என்கிறார்கள். ஹாப்கோப்ளின் காஅல்தார், வலியோங்கிய மக்கள். கோப்ளின் கோலின்தார், விரைந்த மக்கள். பக்பேர் கூல்தார், திண்ணிய மக்கள். (முதற்பெயரை அளபெடையோடு எழுதியிருக்கிறேன், கால் என்று எழுதினால் கால்வலி நினைவு வருகிறது.) மூன்று பகுதிகளையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: காஅல், கோலின், கூல். ககரமும் லகரமும் இரு கரைகளாக நிற்க, நடுவில் உயிர் மட்டும் ஆ, ஓ, ஊ என்று இதழ் குவிந்துகொண்டே போகிறது. ஆற்றலின் மூன்று சாயல்களை ஒரே மெய்யெலும்பில் மூன்று உயிர்களால் வேறுபடுத்தும் இந்த அமைப்பு, பெயர் படைத்தவர் காது நல்ல காது என்பதைக் காட்டுகிறது. கோலினுக்குள் ஒரு பகரத்தைச் செருகினால் கோப்ளின். விரைந்த மக்கள் தம்மைச் சொல்லிக்கொண்ட பெயரை அயலார் வாய் குழற வாங்கிக் கோப்ளின் ஆக்கியது போன்ற தோற்றம் கதையுலகுக்குள் உண்டாகிவிடுகிறது. எவ்ரூ ஊரின் பேயிலிருந்து எண்ணூறு ஆண்டுக்குப் பின் பிறந்த சொல், அந்தப் பேயின் பெயருக்கே பாட்டனாக வந்து உட்கார்ந்துகொள்கிறது!

மூன்று பெயருக்கும் ஈறு ஒன்று. கோப்ளின், ஹாப்கோப்ளின், பக்பேர் என்ற அயற்பெயர்களில் மூன்றாமவன் முதலிருவரோடு ஒலியால் ஒட்டவே இல்லை. தார் என்ற ஈற்றிலோ மூவரும் ஒரே திணை. காஅல், கோலின், கூல் என்பன அடைமொழிகளே, பெயர் தார்தான். பழைய தாக்கான் பேரரசின் இலக்கணம் அது: பிரிவு அடையில், ஒற்றுமை ஈற்றில். பேரரசு வீழ்ந்தபின் இந்தச் சொற்களும் வீழ்ந்தன. இன்றைய தார்கூனில் காஅல்தார் என்பது ஹாப்கோப்ளின் இனத்தின் பெயராக மட்டும் வழங்கவில்லை; சமவெளிக் குலங்களின் கூட்டுக்கும் பெயராகிவிட்டது, அதில் கோப்ளின்களும் அடக்கம். கடலரண் மலைத்தொடரின் பக்பேர்களோ தம்மை மார்கூல் என்கிறார்கள். கூல் என்னும் திண்மை இருக்கிறது, தாரைக் காணோம். மக்கள் என்ற ஈற்றை உதறிவிட்டு மலையில் இருப்பவர்களைத் தாரின் நிலத்துக்குள் இழுத்து வைப்பது ஹரூக்குக்கு ஓயாத வேலை.

அப்படிப்பட்டவன் தன் நாட்டுக்குப் பெயர் தேடியபோது காஅல்கூன் என்று தன் குலத்தை முன்னிறுத்தியிருக்கலாம். வென்றவனை யார் கேட்பது? அடையை எல்லாம் களைந்து, ஈற்றை எடுத்து முதலில் வைத்தான். தார்கூன். எந்தக் குலமும் இதில் தன் பெயர் இல்லை என்று சண்டைக்கு வர முடியாது, இன்னொரு குலத்தின் பெயர் இருக்கிறது என்றும் வர முடியாது. அரசியலாரிடம் நான் அபூர்வமாகவே காணும் மொழிநுட்பம் இது, கற்பனை அரசியலாரானாலும்.

அவன் பட்டம் லேஷ். குலத்தலைவர்க்கெல்லாம் மேலான படைத்தலைவன் என்று பொருள். லகரமும் நமக்கு மொழிமுதல் ஆகாது. முறைப்படி இகரம் முன்னிட்டு, கிரந்தத்தையும் களைந்தால் இலேசு ஆகிவிடும். பெரும்படைத் தலைவனை இலேசாக்க மனமில்லாமல் லேஷ் என்றே விட்டுவைக்கிறேன். அரசன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. அரசனுக்குக் குடிவழி உண்டு. படைத்தலைவனுக்கு வாள் உண்டு, வழி இல்லை. டான் பாசிங்த்வெயிட் 2008-இல் தொடங்கி எழுதிய தாக்கான் மரபு முப்புதினத்தின் முடிச்சே இதில்தான் விழுகிறது: மூப்படையும் லேஷ், தனக்குப் பின் இந்த ஒற்றுமை நிற்க வாளைத் தவிர வேறோர் அடையாளம் வேண்டும் என்று பழம்பேரரசின் பொருளொன்றைத் தேட ஆளனுப்புகிறான்.

ஹரூக்கின் சிறப்புப்பெயர் ஷாரத்கோர், செவ்வாள். ஷாரத் என்றால் வாள் என்பதை வேறு பெயர்களோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம். கெஷ்தார் என்பவர் மௌன மக்கள். ஷாரத்கெஷ் என்பவர் மௌன வாளினர், ஒற்றும் கொலையும் தொழிலாகக் கொண்டோர். கெச் ஷாரத் என்றொரு குலம், வாளேந்திகள். இந்தக் கெச் குலங்கள் பேரரசு வீழ்ந்தபோது நிலத்தடியில் இறங்கி, கலப்பின்றித் தம் மொழியையும் முறையையும் காத்து, அண்மையில்தான் மேலே வந்தவை. ஹரூக்கை அவை தலைவனாக ஏற்கவில்லை. அவற்றுள் எனக்கு நெருக்கமான குலம் கெச் வோலார். வோலார் என்றால் சொல். சொல்லேந்திகள்! பழங்கதையையும் பாட்டையும் காப்பது அவர்கள் தொழில். அவர்கள் பாடினியர் தூர்காலா எனப்படுவர். அவர்கள் கோட்டைக்கு வோலார் திரால் என்று பெயர். தார்கூனின் தலைநகர் ருக்கான் திரால் என்பதால், திரால் ஊரைக் குறிக்கும் ஈறு என்று கொள்ளத் தோன்றுகிறது. சொல்லூர் என்று தமிழாக்கினால் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர்போல ஒலிக்கிறது.

வெளிப்பெயரின் கதை இதற்கிடையில் நிற்கவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிநூல் வரையில், விளையாட்டின் உயிரினப் பட்டியலில் இம்மூவரும் மாந்தவகை என்ற தலைப்பில் இருந்தார்கள். பக்கத்தில் பிறைக்குறிக்குள் கோப்ளினாய்ட். 2022-இல் வந்த நூலொன்று இவர்களுக்குத் தேவதையுலகத் தொடர்பு உண்டு என்றது. 2025-இல் வந்த புதிய உயிரின நூல் இவர்களிடமிருந்து மாந்தவகை என்ற சொல்லையே எடுத்துவிட்டு, அணங்குவகை என்று மாற்றிவிட்டது. நாட்டார் கதையை அறிந்தவர்க்கு இது நியாயமான மாற்றம். ஹாப்பும் கோப்ளினும் எந்நாளும் அணங்குகளே. எபரானைப் பற்றி மட்டும் இப்போது ஒரு வழக்கு எழுகிறது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, எல்லை வரைந்து, வரி தண்டி வாழும் ஒரு குடிமக்கள் கூட்டத்தை அணங்கு என்று பட்டியலிட்டால், தார் என்ற சொல்லுக்கு மக்கள் என்று இனிப் பொருள் எழுதலாமா? கெச் வோலாரிடம் கேட்டால் எழுதலாம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் அகராதியில் வேறு பொருள் கிடையாது.